சுவிட்ச்டு கெப்பாசிட்டர் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை: வாசகர் கேள்வி–பதில்

கெப்பாசிட்டர்களையும் சுவிட்ச்களையும் கொண்டு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சுற்றுகளுக்குக் காப்புரிமை கேட்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை, அதாவது உரிமைக்கோரல் என்று விண்ணப்பங்களில் எழுதப்படுவதை, துறையில் பேசுகிறபடி ‘கிளெய்ம்’ என்றே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: 12 வோல்ட்டை 6 வோல்ட் ஆக்கும் சுற்று என்னுடையது. நான்கு சுவிட்ச், ஒரு ஃப்ளையிங் கெப்பாசிட்டர் (கட்டத்துக்குக் கட்டம் இணைப்பு மாறுவது), வெளியீட்டில் சின்னதாக ஓர் இன்டக்டர். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் மூன்று மட்ட பக் கன்வெர்ட்டர் (இன்டக்டரைக் கொண்டு மின்னழுத்தத்தைக் குறைப்பது) பற்றிய பழைய ஆவணத்தைக் காட்டிப் ‘புதுமை இல்லை’ என்கிறார். என்னுடையது பக் கன்வெர்ட்டரே இல்லையே?

பதில்: பெயரை மறந்துவிட்டு இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். உள்ளீட்டிலிருந்து தரை வரை சு1, சு2, சு3, சு4 என நான்கு சுவிட்ச்கள் வரிசையாக நிற்கின்றன. சு1-க்கும் சு2-க்கும் நடுவிலுள்ள முனையையும் சு3-க்கும் சு4-க்கும் நடுவிலுள்ள முனையையும் ஃப்ளையிங் கெப்பாசிட்டர் இணைக்கிறது. சு2-க்கும் சு3-க்கும் நடுவிலிருந்து இன்டக்டர் வழியாக வெளியீடு. உங்கள் சுற்றும் இதுதான், மூன்று மட்ட பக் கன்வெர்ட்டரும் இதுதான். அந்தப் பக் கன்வெர்ட்டரை 50 சதவீத டியூட்டியில் (ஒவ்வொரு சுவிட்சும் பாதி நேரம் மூடியிருக்குமாறு) ஓட்டினால் சு1–சு3 ஒரு கட்டம், சு2–சு4 மறு கட்டம் என்று இரண்டு நிலைகள் மட்டுமே வரும். உங்கள் சுற்றின் இரண்டு கட்டங்களும் அவையே. முதல் கிளெய்மில் உறுப்புகளையும் இணைப்பையும் மட்டும் எழுதியிருந்தால், பரிசோதகர் சொல்வது சரி. அவர் ஒப்பிடுவது உங்கள் கிளெய்மின் சொற்களைத்தான். உங்கள் மனத்திலுள்ள சுற்றை அவரால் பார்க்க முடியாது.

அப்படியானால் உங்களிடம் மிச்சம் இருப்பது என்ன? பெரும்பாலும் நேரக் கணக்கு. இன்டக்டரைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம், அது கெப்பாசிட்டரோடு ஒத்ததிர்ந்து, மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் சுவிட்ச் மாறவேண்டும் என்பதாக இருக்கும். 10 மைக்ரோஃபாரட், 50 நானோஹென்ரி என்று கொண்டால் அரைச் சுற்று ஏறத்தாழ 2.2 மைக்ரோசெகண்ட். ஆனால் செராமிக் கெப்பாசிட்டர் நேர்மின்னழுத்தம் (டிசி) ஏறியதும் தன் மதிப்பை இழக்கும். 10 என்று அச்சிட்டிருப்பது 4 மைக்ரோஃபாரட்டாக இறங்கினால் அரைச் சுற்று 1.4 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். நிலையான கடிகாரத்தில் ஓடும் சுற்று அங்கே பூஜ்யத்தைத் தவறவிடும். உங்கள் கட்டுப்பாட்டுச் சுற்று அந்தக் கணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எந்தச் சுவிட்சின் குறுக்கே மின்னழுத்தத்தைப் பார்க்கிறது, எவ்வளவு முன்கூட்டி அணைக்கிறது என்பதுதான் கிளெய்முக்குள் வரவேண்டிய சரக்கு. அதுவும் ஏற்கெனவே வெளிவந்திருக்கலாம் என்பதால் தேடிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எங்கே தேடுவது? ‘சுவிட்ச்டு கெப்பாசிட்டர்’ என்று தட்டினால் வடிகட்டிச் சுற்றுகளாக வந்து குவிகின்றன.

பதில்: சொல்லை வைத்துத் தேடினால் அப்படித்தான் ஆகும். ஒரே சுற்றைச் சார்ஜ் பம்ப் என்பார் ஒருவர், கெப்பாசிட்டிவ் டிவைடர் என்பார் இன்னொருவர், ஃப்ளையிங் கெப்பாசிட்டர் மல்டிலெவல் என்பார் மூன்றாமவர். கூட்டுறவுக் காப்புரிமை வகைப்பாட்டில் எச்02எம் 3/07-லிருந்து தொடங்குங்கள். மின்னழுத்தத்தைக் குறைப்பவை அதன் கீழே 3/072-ல் இருக்கும். அதோடு நிற்க வேண்டாம். இன்டக்டர் சேர்ந்த கலப்புச் சுற்றுகள் எச்02எம் 3/158-லும் எச்02எம் 1/0095-லும் கிடைக்கும். தொடக்க நேர முன்சார்ஜ் (சுற்று ஓடத் தொடங்குமுன் கெப்பாசிட்டர்களைச் சார்ஜ் செய்வது) பற்றியவை எச்02எம் 1/36-ல் கிடைக்கும். முதல் கேள்வியிலுள்ள ஆவணம் போன்றவை 3/07-ஐ மட்டும் புரட்டுபவர் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

காப்புரிமை ஆவணங்களோடு மாநாட்டுக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் பாருங்கள். இந்தத் துறையின் அடித்தளம் பெரிதும் கட்டுரைகளில்தான் இருக்கிறது. 1932-ல் காக்கிராஃப்ட்–வால்டன், 1976-ல் டிக்சன், 1995-ல் மகோவ்ஸ்கி–மக்சிமோவிச், 2008-ல் சீமன்–சாண்டர்ஸ் என்று அந்த வரிசை நீளும்.

கேள்வி: என் கிளெய்ம், மின்னழுத்தத்தை நான்கில் ஒன்றாக்கும் 4:1 டிக்சன் சார்ஜ் பம்ப் சுற்றையும் வெளியீட்டு இன்டக்டரையும் சேர்த்தது. ‘டிக்சன் ஓர் ஆவணத்தில் இருக்கிறது, கெப்பாசிட்டரை மெதுவாகச் சார்ஜ் செய்ய இன்டக்டர் போடுவது இன்னொன்றில் இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது எவருக்கும் தோன்றும்’ என்கிறார் பரிசோதகர். எப்படிப் பதில் சொல்வது?

பதில்: இது நல்ல கேள்வி. இதற்கான பதில் இயற்பியலுக்குள்ளேயே இருக்கிறது. ‘பரிசோதகர் பின்னோக்கிப் பார்க்கிறார்’ என்று பொதுவாக எழுதி அனுப்பினால் பயன் இருக்காது. இரண்டையும் சேர்த்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

வெளியீட்டு மின்னழுத்தத்தை 1 என்று கொள்வோம். உள்ளீடு 4; கெ1, கெ2, கெ3 ஆகிய கெப்பாசிட்டர்களில் முறையே 1, 2, 3. முதல் கட்டத்தில் இரண்டு கிளைகள் இணையாக வெளியீட்டு முனைக்கு வருகின்றன. உள்ளீட்டிலிருந்து கெ3 தனியாக வருவது ஒன்று. கெ2-வும் கெ1-உம் தொடராக வருவது மற்றொன்று. இரண்டாம் கட்டத்தில் கெ3–கெ2 தொடர் ஒரு கிளை, கெ1 மட்டும் ஒரு கிளை. நிலைத்த ஓட்டத்தில் ஒவ்வொரு கெப்பாசிட்டரும் ஒரு கட்டத்தில் வாங்கிய மின்னூட்டத்தை மறு கட்டத்தில் திருப்பித் தந்தாக வேண்டும். ஆகவே எல்லாக் கிளைகளிலும் ஓடும் மின்னூட்டம் சமம். மூன்றும் ஒரே மதிப்புடையவை என்றால், தொடராக இரண்டு உள்ள கிளையின் மின்னழுத்தம் தனிக் கிளையைவிட இரு மடங்கு நகரும். ஆனால் இரண்டும் ஒரே முனையில் கட்டப்பட்டிருக்கின்றன; வேறுவேறாக நகர இடமில்லை. அடுத்த கட்டத்துக்குச் சுவிட்ச் மாறும் கணத்தில் அந்த வித்தியாசம் ஒரு கெப்பாசிட்டரிலிருந்து இன்னொன்றுக்குள் பாய்ந்து சூடாகக் கரைகிறது. கிளைகளுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் இன்டக்டர் வாங்கிக்கொள்ளும். கிளைகளுக்குள் நடக்கும் சண்டையில் அது தலையிடுவதில்லை.

மதிப்புகளை மாற்றிச் சரிக்கட்டலாமே என்று பரிசோதகர் கேட்கக்கூடும். அதற்கும் பதில் உண்டு. முதல் கட்டத்துக்கு 1/கெ3 = 1/கெ1 + 1/கெ2 வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு 1/கெ1 = 1/கெ2 + 1/கெ3 வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 2/கெ2 = 0. கெ2 முடிவிலி மதிப்பு உடையதாக இருந்தால்தான் நடக்கும். எந்தக் கெப்பாசிட்டரைத் தேர்ந்தாலும் வெறும் இரண்டு கட்ட ஓட்டத்தில் இழப்பு முழுவதும் போகாது.

2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில், தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து, கணிக்கக்கூடிய பலனையே பெற்றால் அது கண்டுபிடிப்பாகாது என்ற வழியில் பேசியது. மேலே உள்ள கணக்கு அந்தக் ‘கணிக்கக்கூடிய பலன்’ என்ற இடத்தைத் தொடுகிறது. ஐரோப்பிய அலுவலகத்தில் அதே கணக்கை வேறு இடத்தில் வையுங்கள். அங்கே கேட்பது, துறையறிந்தவர் ‘செய்திருக்க முடியுமா’ என்பதல்ல, ‘செய்திருப்பாரா’ என்பதை. பலன் கிட்டாது என்று கணக்கே சொல்லும்போது அவர் ஏன் செய்திருப்பார்?

ஆனால் ஒரு நிபந்தனை. இந்த வாதத்தை வைத்தால், கிளைகளுக்கு இடையிலான அந்த வித்தியாசத்தை அடைக்கும் அம்சம் உங்கள் கிளெய்மில் இருந்தே ஆகவேண்டும். ஒரு கிளையை மட்டும் தாமதமாகச் சேர்ப்பது, அல்லது முன்னதாக விலக்குவது போன்ற ஏதோ ஒன்று. வெறும் ‘டிக்சனும் இன்டக்டரும்’ என்று கிளெய்மை விட்டுவிட்டு இந்தக் கணக்கைக் காட்டினால், உங்கள் சுற்றே வேலை செய்யாது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இப்படிக் கட்டங்களைப் பிளந்து ஓட்டும் முறையும் ஏற்கெனவே கட்டுரைகளில் வந்துவிட்டது. உங்களுடையது அதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதை எண்ணால் காட்டுங்கள்.

கேள்வி: ‘மூன்று ஃப்ளையிங் கெப்பாசிட்டர்கள், 2 முதல் 8 வரை எந்த விகிதமும்’ என்று கிளெய்ம் எழுதினேன். விவரணை (சுற்று எப்படி இயங்குகிறது என்று விண்ணப்பத்தில் விளக்கும் பகுதி) போதாது என்று ஆட்சேபம் வந்தது. பரப்பளவு அகலமாக இருப்பது தப்பா?

பதில்: அகலம் தப்பில்லை. ஆனால் அந்த அகலம் முழுவதிலும் சுற்று இயங்கவேண்டும். இரண்டு கட்டச் சுற்றுகளுக்கு மகோவ்ஸ்கியும் மக்சிமோவிச்சும் காட்டிய உச்சவரம்பு ஃபிபொனாச்சி வரிசையில் போகிறது. ஒரு ஃப்ளையிங் கெப்பாசிட்டருக்கு 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 5. உங்கள் கிளெய்ம் இரண்டு கட்டம் என்று சொல்லியிருந்தால் 6, 7, 8 ஆகியவை கிடைக்கவே கிடைக்காது, ஆட்சேபம் நியாயமானது. கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் 8 வரை போகலாம். அதற்கு ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தச் சுவிட்ச் எந்தக் கட்டத்தில் மூடியிருக்கும் என்ற அட்டவணை விவரணையில் இருக்கவேண்டும். அந்த அட்டவணை இல்லாத விண்ணப்பத்தைப் பின்னால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கேள்வி: விண்ணப்பத்துக்கு முன் சுற்றைக் கட்டிப் பார்த்திருக்க வேண்டுமா? சிமுலேஷன் போதாதா?

பதில்: கட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சிமுலேஷன் எண்களை அப்படியே விவரணையில் ஏற்றாதீர்கள். 2:1 சுற்றின் மெதுவோட்ட எல்லையில் (சுவிட்ச்கள் மெதுவாக மாறி, ஒவ்வொரு கட்டத்திலும் கெப்பாசிட்டர் முழுதாகச் சார்ஜ் ஆகும் நிலையில்) வெளியீட்டு மின்தடை 1 ÷ (4 × கெப்பாசிட்டர் மதிப்பு × அதிர்வெண்). 10 மைக்ரோஃபாரட், 500 கிலோஹெர்ட்ஸ் என்றால் 50 மில்லிஓம். 4 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் விழும். 6 வோல்ட் 5.8 ஆகும்; இந்த இழப்பை மட்டும் எடுத்தால் திறன் 96.7 சதவீதம். அதே கெப்பாசிட்டர் நேர்மின்னழுத்தத்தில் 4 மைக்ரோஃபாரட்டாக இறங்கினால் 125 மில்லிஓம், 5.5 வோல்ட், 91.7 சதவீதம். கிளெய்மில் ‘95 சதவீதத்துக்கு மேல்’ என்று எழுதியிருந்தால், அந்தக் காப்புரிமை கிடைத்தாலும் உங்கள் சொந்தத் தயாரிப்பையே அது மூடாமல் போகும்.

கேள்வி: ‘கெப்பாசிட்டர் மின்னழுத்தங்களைச் சமநிலையில் வைக்குமாறு அமைந்த கட்டுப்பாட்டு மாட்யூல்’ என்ற சொற்றொடரைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டார்கள். இப்போது திருத்தலாமா?

பதில்: அந்தச் சொற்றொடர் சொல்வது விளைவை, எப்படி என்பதை விட்டுவிட்டது. 2015-ல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் வில்லியம்சன் – சிட்ரிக்ஸ் தீர்ப்பில் ‘மாட்யூல்’ போன்ற வெற்றுச் சொல், உறுப்பின் அமைப்பைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்வதாக ஆகலாம் என்றது. அப்படிப் படிக்கப்பட்டால், கிளெய்மின் பரப்பு விவரணையில் காட்டிய சுற்றுக்கும் அதற்கு இணையானவற்றுக்கும் சுருங்கும். விவரணையிலும் சுற்று இல்லையென்றால் கிளெய்மே விழும்.

திருத்தலாம், ஆனால் முதலில் தாக்கல் செய்த பக்கங்களில் உள்ளதை வைத்துத்தான். ஒப்பீட்டுச் சுற்று எதை எதோடு ஒப்பிடுகிறது, வித்தியாசம் எத்தனை மில்லிவோல்ட்டைத் தாண்டினால் எந்தச் சுவிட்சின் நேரம் நீள்கிறது என்று அங்கே எழுதியிருந்தால் அதைக் கிளெய்முக்குள் கொண்டுவாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. படத்திலுள்ள சுற்று, சு4 வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளந்து அதன்படி நேரத்தை நீட்டுவதாக இருக்கும். திருத்தும்போது அளவிடும் முறையைக் கழற்றிவிட்டு ‘நேரத்தை நீட்டும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே வேலை செய்பவை என்றால், ஐரோப்பிய அலுவலகம் அதைப் புதிதாகச் சேர்த்த பொருள் என்று நிராகரிக்கும். கோத்த கயிற்றில் ஒரு மணியை மட்டும் உருவ முடியாது.

முதல் தாக்கலிலிருந்து 12 மாதம் ஆகவில்லை என்றால், விடுபட்டதைச் சேர்த்துப் புது விண்ணப்பம் போட்டு முன்னுரிமை கோரலாம். சேர்த்த பகுதிக்குப் புது நாள்தான் கிடைக்கும்.

கேள்வி: மாநாட்டில் கட்டுரை வந்துவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் உங்கள் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. கட்டுரை இணையத்தில் ஏறிய நாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

கட்டுரையில் சொல்லாமல் விட்டது எது என்று வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் சுற்றின் தொடக்கம் விடுபட்டிருக்கும். நிலைத்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுவிட்சும் 6 வோல்ட்தான் தாங்குகிறது என்று 10 வோல்ட் வரை தாங்கும் மாஸ்ஃபெட் சுவிட்ச் போட்டிருப்பார்கள். மின்சாரம் வரும் முதல் கணத்தில் ஃப்ளையிங் கெப்பாசிட்டரும் வெளியீடும் பூஜ்யத்தில் இருக்கும்; மேலே உள்ள சு1 மட்டும் 12 வோல்ட் முழுவதையும் தாங்க நேரும். அதைத் தடுக்க நீங்கள் வைத்த முன்சார்ஜ் ஏற்பாடு கட்டுரையில் வரவில்லை என்றால், விண்ணப்பத்தை அதைச் சுற்றிக் கட்டுங்கள்.