கேட்கிறவர் வேடம்

அன்புள்ள அக்கா,

நான் ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். வயது 46. பள்ளிக்கூட நாளில் எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றேன். கல்யாணத்துக்குப் பிறகு கொலுவில் பாடுவதோடு சரி. எங்கள் ஊர் கம்யூனிட்டி தியேட்டரில் (ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நாடகம் போடும் இடம்) நவம்பரில் ஒரு மியூசிக்கல் காமெடி போடுகிறார்கள். ஆடிஷனுக்கு யாரும் வரலாம், அனுபவம் தேவையில்லை என்று நூலகத்தில் தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் சொல்லாமல் போனேன்.

பாட்டின் நோட்டை, அதாவது இசைக்குறிப்புத் தாளை, இணையத்திலிருந்து எடுத்துப் போயிருந்தேன். பியானோக்காரர் ஆரம்பித்த சுருதி எனக்கு எட்டவில்லை. எங்கே எடுப்பது என்று தெரியாமல் தடுமாறி, பிறகு எப்படியோ பிடித்தேன். நன்றாக வரத் தொடங்கிய நேரத்தில் "தேங்க் யூ" என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு காட்சியைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு நான்கே வரி. நேற்று மின்னஞ்சல் வந்தது. நான் கேட்ட அத்தை வேடம் இல்லையாம். என்செம்பிளில், அதாவது பின்னால் சேர்ந்து பாடி நடிக்கும் குழுவில், சேர விருப்பமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவும் என்றிருந்தது.

"எட்டு வருஷம் பாட்டு படிச்சவ கும்பல்ல நின்னு கோரஸ் பாடணுமா?" என்கிறார் கணவர். என் உச்சரிப்புதான் காரணமோ என்று எனக்கு மனசு அரிக்கிறது. போகவா, விடவா?

எம்.

அன்புள்ள எம்.,

போங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் எனக்கு இதுதான் தோன்றியது.

முதலில் அந்த "தேங்க் யூ". நான் மிச்சிகனில் பதினோரு வருடம் இருந்தவள். அங்கே ஒரு கம்யூனிட்டி தியேட்டருக்கு உடை தைத்துக் கொடுக்கப் போய், பிறகு மூன்று நாடகங்களுக்கு ஆடிஷன் மேசையில் உட்கார்ந்து பெயரும் குறிப்பும் எழுதியிருக்கிறேன். எவ்வளவு பாடவேண்டும் என்று அறிவிப்பிலேயே 16 பார் என்றோ 32 பார் என்றோ போட்டிருப்பார்கள். பார் என்றால் பெரும்பாலும் நான்கு தாள அடி. 16 பாருக்கு 64 அடி. நிமிடத்துக்கு 100 அடி போகிற பாட்டென்றால் மொத்தம் 38 வினாடி. அதற்குள் ஒருவருக்குக் குரல் எவ்வளவு தூரம் போகிறது, தாளத்தில் நிற்கிறதா, சொல் விளங்குகிறதா என்று பார்த்துவிடுவார்கள். வெளியே இன்னும் முப்பது பேர் நாற்காலியில் காத்திருப்பார்கள். நாங்கள் கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்த பெண்ணுக்கும் அதே இடத்தில், அதே குரலில் "தேங்க் யூ" சொன்னோம். நீங்கள் பாட்டை முழுதாகப் பாடப் போயிருக்கிறீர்கள், அவர்கள் 16 எண்ணிக்கொண்டிருந்தார்கள். உங்களை யாரும் அவமதிக்கவில்லை. தயவுசெய்து இதை மனதிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள்.

சுருதி விஷயம் அப்படியில்லை, அதில் உங்கள் பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் ஐந்து கட்டை சுருதியிலோ ஐந்தரையிலோ பாடிப் பழகியிருப்பீர்கள். நம் பக்கவாத்தியக்காரர் பாடுகிறவரின் கட்டைக்கு வருவார். பியானோக்காரர் தாளில் அச்சிட்டிருப்பதை வாசிப்பார். உங்களை அவர் அந்த நிமிடம்தான் முதன்முதலாகப் பார்க்கிறார், அதே பாட்டைக் கட்டை மாற்றி வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. நோட்டு விற்கும் தளங்கள் பலவற்றில் வாங்குவதற்கு முன்பே கட்டையை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். உங்கள் குரலுக்கு ஏற்றதை அச்செடுத்து, தானாகச் சரிந்து விழாத கோப்பில் போட்டு, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று பளிச்சென்று குறித்துக் கொண்டுபோங்கள். பியானோ அருகே போய் முதல் வரியை நீங்கள் பாடப்போகும் வேகத்தில் மெதுவாக முனகிக் காட்டுங்கள். விரலைச் சொடுக்கி வேகம் காட்டாதீர்கள், அவர்களுக்கு அது பிடிக்காது.

இன்னொன்றும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் காது தம்புராவைத் தேடியிருக்கும். நமக்கு ஆதார ஸ்வரமான ஷட்ஜம் கடைசிவரை காலடியில் தரை மாதிரி கிடக்கும். பியானோவில் கீழே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாறிக்கொண்டே போகும், தரையே நகர்வது போலிருக்கும். எட்டு வருடம் கற்ற காதுக்குத்தான் அந்த நகர்வு உறைக்கும், அதனால் தடுமாறியதற்குக் குறைப்படாதீர்கள். அதோடு, இந்த வகைப் பாட்டில் பேச்சின் சொல்லைக் கொஞ்சம் நீட்டிப் பாடுவதாகத்தான் எழுதியிருப்பார்கள். ஸ்வரத்தை அசைத்துக் கமகம் கொடுத்தால் வார்த்தை கலைந்துவிடும். வரிகளை முதலில் பாடாமல், எதிரில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசிப் பழகுங்கள்.

உச்சரிப்புக்கு நேராகவே பதில் சொல்கிறேன். காரணமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இங்கிருந்து என்னால் அறிய முடியாது. எங்கள் மேசையில் ஒருமுறை ஒருவர் ஒரு பெண்ணின் உச்சரிப்பைக் குறிப்பிட்டு இழுத்தார். இயக்குநர் உடனே, "கடைசி வரிசைக்குப் புரியுமா, புரியாதா?" என்று மட்டும் கேட்டார். புரியும் என்றோம். பேச்சு அதோடு முடிந்தது. எல்லா மேசையிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளப் புறப்படாதீர்கள். தமிழ் பேசுகிற நாம் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுவோம், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவோம். அந்த இரண்டைச் சரிசெய்தால் போதும்.

இனி அந்த நான்கு வரி. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான்.

மிச்சிகனில் ஒரு மார்ச் மாதம், வெளியே அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் ஒரு செவிலியர் வேலைக்குப் போகும் வழியில் சீருடையோடு வந்திருந்தார். பாட்டு சுமார்தான். "ஆல்டோ, சின்னக் குரல்" என்று எழுதினேன். ஆல்டோ என்றால் பெண்களில் தணிந்த குரல். பிறகு ஒரு காட்சியைப் படிக்கக் கொடுத்தார்கள். எதிரிலிருந்தவருக்கு ஒரு பக்க நீளப் பேச்சு, தான் குடும்பச் சொத்தை எப்படித் தொலைத்தேன் என்று சொல்லும் பகுதி. இவருக்கு அதன் முடிவில் "ஓ" என்று ஒரே சொல். மற்றவர்கள் தங்கள் வரி வரும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மூன்றாவது வாக்கியத்தில் தாளை இறக்கினார். எதிரிலிருந்தவரின் முகத்தையே பார்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாள் பிடித்த கை ஒரு அங்குலம் கீழே போனது, கடைசியில் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவர் "ஓ" சொல்வதற்கு முன்பே அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். நீளமாகப் படித்தவர் தனக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று நினைத்து மேலும் உற்சாகமாகப் படித்தார். அதுவும் நியாயம்தான், அந்தச் சிரிப்பில் அவருக்கும் பங்கு உண்டு.

இது எனக்கு அந்நியமாகப் படவில்லை. என் அம்மாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டிவருவார்கள், சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. முதலில் வருவது பபூன், அதாவது கோமாளி. அவர் பாடுவார், பேசுவார், ஆனால் ஒரு கண் எப்போதும் மேடையோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் மேலும் மிருதங்கக்காரர் மேலும் இருக்கும். ஒரு சேதியைச் சொல்லிவிட்டு அங்கே திரும்புவார். மிருதங்கக்காரர் ரொம்பக் கவலையாக "அப்புறம்?" என்பார். அந்த "அப்புறம்"மில்தான் பந்தல் அதிரும். சின்ன வயதில் பபூனைப் பார்த்தே சிரித்தேன். பெரியவளான பிறகு ஒரு திருவிழாவில் மிருதங்கக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அந்த நகைச்சுவை செத்துப்போயிருக்கும்.

மியூசிக்கல் காமெடியில் என்செம்பிள் செய்வது அந்த மிருதங்கக்காரர் வேலையை. அத்தை ஒரு பொய் சொல்வாள், பின்னால் நிற்கும் ஊர்ஜனம் பன்னிரண்டு பேரும் அதை நம்பினால்தான் பார்வையாளருக்குச் சிரிப்பு வரும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் தன் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டு நின்றால்கூட வெளியே தெரிந்துவிடும். நான்கு வரிக்கு நடுவே நீங்கள் நன்றாகக் கேட்டிருப்பீர்கள், அதனால்தான் அந்த மின்னஞ்சல் வந்தது என்று நான் நம்புகிறேன். ஆடிஷனுக்கு வந்த எல்லோருக்கும் அது போவதில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு சேதி. பாட்டு கற்ற ஒருவருக்கு அங்கே கற்றுக்கொள்ள ஏதும் இல்லை என்று அவர் நினைத்தால், ஹார்மனியை ஒருநாள் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் மெட்டைப் பாடுவார், நீங்கள் அதற்குக் கீழே வேறொரு ஸ்வரத்தில் நிற்கவேண்டும். காது மெட்டின் பக்கமே இழுக்கும். நம் சங்கீதத்தில் இதற்குப் பயிற்சியே கிடையாது. ஆல்டோ வரிசையில் முதல் இரண்டு வாரம் உங்களுக்குக் கடினமாக இருக்கும். பிறகு ஒரு நாள் உங்கள் ஸ்வரமும் அவர்கள் ஸ்வரமும் சேர்ந்து கூடம் நிறையும்போது உடம்பு சிலிர்க்கும். அதை நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்று கேட்டிருக்கிறேன், அந்தக் கணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வேலைக்குப் போய்வந்த பிறகு சம்பளமில்லாமல் நாடகம் போடுவது ஏதோ பொழுதுபோக்கு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது அப்படிப்பட்ட ஆட்களை வைத்துத்தான். அவரே வழக்கறிஞராக இருந்து பின்னாளில் நீதிபதியானவர். அமெரிக்காவிலும் ஓமஹா நகரத்தின் கம்யூனிட்டி தியேட்டர் 1924இல் தொடங்கியது. அடுத்த வருடம், நாடகமே அறியாத இருபது வயதுப் பையன் ஒருவனை வற்புறுத்தி அங்கே மேடையேற்றினார் டோரத்தி பிராண்டோ, நடிகர் மார்லன் பிராண்டோவின் தாய். அந்தப் பையன்தான் பின்னாளில் ஹாலிவுட் நடிகரான ஹென்றி ஃபோண்டா. எல்லோரும் ஃபோண்டா ஆவார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு டோரத்தியைத்தான் பிடிக்கும். உங்கள் ஊரிலும் நூலகத்தில் ஒரு தாளை ஒட்டிவைத்த கை ஒன்று இருக்கிறது.

ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே "சரி" என்று எழுதிவிடுங்கள். நீங்கள் வராவிட்டால் அவர்கள் வேறு ஆள் தேடவேண்டும். எழுதும்போதே நவராத்திரியில் எந்த மாலைகளில் வரமுடியாது என்று தேதியோடு சொல்லிவிடுங்கள், முன்பே சொன்னால் அதை ஒட்டி அட்டவணை போடுவார்கள். ஆனால் அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம், விளக்கும் ஒலியும் உடையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் டெக் வீக்கில், ஒரு நாளும் விடாதீர்கள். முதல் ஒத்திகைக்குப் பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதை இயக்குநர் பத்துத் தடவையாவது மாற்றுவார்.

அன்புடன்,
அக்கா