வெஸ்டா விண்கல் அல்ல

அன்புள்ள ஐயா,

வெஸ்டா என்கிற ராட்சத விண்கல்லைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 525 கிலோமீட்டர் அகலமாம். அது பூமி மேல் மோதுமா? அவ்வளவு பெரியதை ஏன் கோள் என்று சொல்வதில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மோதாது. சூரியனை மிக நெருங்கும்போதுகூட அது 32 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. நாம் இருப்பது 15 கோடியில், நடுவில் செவ்வாய் வேறு. நிம்மதியாகத் தூங்குங்கள். கோளா இல்லையா என்பது வெறும் பெயர்ப்பலகைச் சண்டை. 1807இல் ஜெர்மன் வானியலாளர் ஓல்பர்ஸ் கண்டுபிடித்தபோது கோள் என்றுதான் எழுதிக்கொண்டார்கள், அப்புறம் இதைப் போன்றவற்றின் கூட்டம் பெருகியதும் கோள் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த 'விண்கல்' என்ற சொல்லால். சுற்றிக்கொண்டிருப்பது சிறுகோள். தரையில் வந்து விழுந்து கிடப்பதுதான் விண்கல். இவ்வளவு தெளிவாகச் சொல் இருக்கும்போது எதற்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்? செய்தி எழுதுகிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள் என்பீர்கள். சரி, அவர்களுக்கு அவசரம். உங்களுக்கு என்ன அவசரம்?

அதிலும் வெஸ்டாவிடம் இப்படிக் குழப்புவது அநியாயம், ஏனென்றால் அதிலிருந்து வந்த விண்கற்கள் உண்மையாகவே நம்மிடம் இருக்கின்றன. மேலே தார் பூசியது போலப் பளபளக்கும் கறுப்பு, உடைத்தால் உள்ளே வெளிர் சாம்பல், எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, வயது 450 கோடி ஆண்டுக்குக் குறையாது. 1970இல் வெஸ்டாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அதே பாறையின் சாயல் தெரிந்தது. பின்னால் 2011இல் டான் விண்கலம் போய் ஒரு வருடத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தென்துருவத்தில் 500 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம், கிட்டத்தட்ட அதன் உடம்பளவு! அப்படி அடிபட்டுச் சிதறியதன் துணுக்குகள்தான் இங்கே வந்து விழுகின்றன. தாயையும் பிள்ளையையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது?

2018 ஜூனில் வெஸ்டா வெறுங்கண்ணுக்கே எட்டும் அளவு பிரகாசமாக இருந்தது, தனுசு ராசிப் பக்கம், சனிக்குக் கொஞ்சம் தள்ளி. எங்கள் தெருவிளக்கில் வெறுங்கண்ணாவது ஒன்றாவது. அப்பாவைக் கைப்பிடித்து மொட்டைமாடிக்கு ஏற்றி, பழைய பைனாகுலரைக் கொடுத்தேன். "ஜாதகக் கட்டத்தில் இது இல்லையேடா" என்றார். பார்த்த புள்ளிகளையெல்லாம் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினோம். ஒரே ஒரு புள்ளி மட்டும் முழுநிலவின் அகலம் அளவுக்கு நகர்ந்திருந்தது. அப்பா பைனாகுலரை இறக்கவே இல்லை, கை வலிக்கும் என்று நான் வாங்கப் போனதற்கு முழங்கையால் தள்ளிவிட்டார்.

அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்தில் 'வெஸ்டா விண்கல்'. நான் திருத்தவில்லை.