அணுவைவிடச் சிறிய கருந்துளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருவெடிப்பின்போது பிறந்த குட்டிக் கருந்துளைகள்தான் கரும்பொருளாக (ஒளி தராமல், ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) இருக்கலாம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இரண்டு சந்தேகங்கள். அவை நம்மைச் சுற்றியும் இருக்குமென்றால் பூமியை ஏன் இன்னும் விழுங்கவில்லை? அப்புறம், புரியாத ஒன்றை விளக்க, யாரும் பார்க்காத இன்னொன்றைக் கொண்டுவருவது சமாளிப்பு இல்லையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதல் சந்தேகம் சினிமா பண்ணிய வேலை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி உறைந்துபோகும், ஆனால் இதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். இழுப்பது நிறைதான். செவ்வாயின் துணைக்கோள் ஃபோபோஸ் சுமார் 22 கி.மீ. அகலமுள்ள பாறை. அத்தனை நிறையையும் கருந்துளையாக நசுக்கினால் அது ஓர் அணுவைவிடச் சிறியது. கரும்பொருள் முழுக்க இந்த நிறையில் இருந்தால், நெப்டியூனின் சுற்றுப்பாதைக்குள் எந்த நேரத்திலும் இருபது முப்பதுதான் இருக்கும் (நானே போட்ட தோராயக் கணக்கு). அவையும் நொடிக்கு 200 கி.மீ.க்கு மேல் பறப்பவை. அபூர்வமாக ஒன்று பூமிக்குள் நுழைந்தாலும் ஒரு நிமிடத்தில் மறுபுறம் போய்விடும். விழுங்க நேரம் ஏது?

1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் காடு சாய்ந்ததே, அது இப்படியொரு கருந்துளையின் வேலை என்று 1973இல் ஜாக்சன், ரயன் என்ற இருவர் எழுதினார்கள். அப்படியானால் அது வட அட்லாண்டிக்கில் வெளியே வந்திருக்க வேண்டும். அங்கே எதுவும் நடந்த தடயம் இல்லை.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது, ஆனால் சமாளிப்பு என்று சொல்ல மாட்டேன். 1967இல் சோவியத் இயற்பியலாளர்கள் செல்டோவிச்சும் நோவிகோவும், 1971இல் ஹாக்கிங்கும் இதைப் பேசியபோது கரும்பொருளுக்கு விடை தேடிக்கொண்டிருக்கவில்லை. ஆரம்பப் பிரபஞ்சத்தில் அடர்த்தி மிகுந்த இடங்கள் தம் ஈர்ப்பாலேயே சரிந்திருக்குமே என்பதுதான் யோசனை. இறந்த நட்சத்திரங்கள் கரும்பொருளாக முடியாது. முதல் சில நிமிடங்களில் உருவான டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜன்) அளவே, நட்சத்திரங்களை உண்டாக்கும் சாதாரணப் பொருள் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது, கரும்பொருளுக்கு அது போதாது. ஆதிக் கருந்துளைகள் அதற்கும் முன்பே, முதல் நொடிக்குள் பிறந்தவை என்பதால் அந்தக் கணக்கில் சேராது. புதிய துகள் எதுவும் தேவையில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி.

தேடியும் பார்த்துவிட்டார்கள். அரை லட்சம் கோடி கிலோவுக்குக் குறைந்தவை, கருந்துளைகள் மெல்ல மெல்ல வெளிவிடும் ஹாக்கிங் கதிர்வீச்சில் இந்நேரம் ஆவியாகியிருக்கும். கனமானவை தொலைதூர நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தால் அதன் ஒளியைச் சற்று நேரம் கூட்டிக்காட்டும். ஹவாயிலுள்ள சுபாரு தொலைநோக்கி ஓரிரவில் ஏழு மணி நேரம் பக்கத்து விண்மீன் மண்டலமான ஆந்திரமீடாவையே திரும்பத் திரும்பப் படமெடுத்தது. கரும்பொருள் முழுக்க நிலா அளவு நிறையுள்ள கருந்துளைகள் என்றால் நூற்றுக்கணக்கில் சிக்கியிருக்க வேண்டும். சந்தேகத்துக்குரியதாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. 2019இல் வெளியான முடிவு இது.

மிச்சமிருப்பது சிறுகோள் நிறை. இங்கே கதவு திறந்திருப்பது யாரும் எதையும் கண்டுபிடித்ததால் அல்ல, இந்தத் தேடும் முறை அந்த நிறையில் செல்லுபடியாகாததால். கருந்துளை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாகிவிட்டால் அந்த ஒளியை வளைத்துக் குவிக்க முடியாது. இதைக் காணொளிகள் சொல்வதில்லை, எனக்கு அதில்தான் எரிச்சல்.

பந்தயம் என்றால் இதன்மேல் பணம் வைக்க மாட்டேன். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் தெரியும் ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு. கருந்துளை பிறக்க அடர்த்தி சில பத்து சதவீதமாவது கூட வேண்டும். மிகச் சிறிய அளவில் மட்டும் அப்படி எகிறியது என்று கோட்பாட்டைத் திருகவேண்டியிருக்கிறது. உங்கள் 'சமாளிப்பு' இங்கே வேண்டுமானால் பொருந்தும்.

ஆனாலும் சோதிக்க வழியுண்டு. செவ்வாய்க்குள்ள தூரத்தைச் சுமார் 10 செ.மீ. துல்லியத்தில் அளக்கிறோம். இப்படியொன்று அருகே கடந்துபோனால் செவ்வாயின் பாதை சில ஆண்டுகளில் ஒரு மீட்டர் வரை விலகலாம் என்று 2024இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது அப்படி நடக்கலாமாம். அதே விலகலைச் சாதாரணச் சிறுகோள் ஒன்றும் உண்டாக்கும், ஆகவே முதலில் அவற்றையெல்லாம் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும்.