வாசகர் கேள்வி: முதலில் சிரிஞ்ச், அப்புறம் பம்ப்

கேள்வி: திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் எடுத்த கடல்நீரில் உள்ள நுண்பாசிகளை, நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட சிறிய சிப் ஒன்றுக்குள் எண்ணெயில் மிதக்கும் துளிகளாகப் பிரித்து நுணுக்குக்காட்டியில் பார்க்கப் போகிறேன். எண்ணெய்க்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோலீற்றர், நீருக்கு 1 மைக்ரோலீற்றர் தேவை. 10 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் சிரிஞ்ச் இரண்டைச் சேர்த்துத் தள்ளும் மலிவான பம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
– மாணவி, நிலாவெளி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். பம்ப் செய்கிற வேலை சிரிஞ்சின் தண்டைத் தள்ளுவது மட்டும்தான், எவ்வளவு நீர் வெளியே வரும் என்பது சிரிஞ்சின் உள்விட்டத்தில் இருக்கிறது. இந்தப் பம்ப்களில் இருக்கும் சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தொடர்ந்து சுழலாது, ஒரு சுற்றை 200 சிறு அடியாக (ஸ்டெப்) எடுத்து வைக்கும். சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் நகரும் திருகுத்தண்டு என்றால் ஒரு அடிக்கு 5 மைக்ரோமீற்றர். 10 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் ஏறத்தாழ 14.5 மில்லிமீற்றர், ஆகவே ஒவ்வொரு அடிக்கும் 0.8 மைக்ரோலீற்றர் வெளியே வந்துவிடும். உங்களுக்குத் தேவையோ நிமிடம் முழுவதற்கும் 1தான்! மோட்டார் ஒருமுறை அசைந்துவிட்டு முக்கால் நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கும், துளிகளும் ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக வரும். அதே பம்பில் 4.8 மில்லிமீற்றர் விட்டமுள்ள 1 மில்லி சிரிஞ்சைப் போடுங்கள், அடிக்கு 0.09 மைக்ரோலீற்றர்தான், நிமிடத்துக்குப் பதினொரு அடி. அது முடிந்துபோகுமே என்று பயப்பட வேண்டாம், எண்ணெய் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும்.

மோட்டாரின் அடியை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிற மைக்ரோஸ்டெப் வசதி இருக்கிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அது நல்லதுதான், ஆனால் சிரிஞ்சின் ரப்பர் முனை ஒட்டிப் பிடித்து, பிறகு திடீரென்று வழுக்குவதை அது சரிசெய்யாது. கையில் காசு இருந்தால் கண்ணாடி சிரிஞ்ச் வாங்குங்கள், பம்புக்குச் செலவழிப்பதைவிட அதில் பலன் அதிகம்.

இன்னொன்று, இரண்டு சிரிஞ்சை ஒரே தண்டு தள்ளும் பம்பில் எண்ணெயையும் நீரையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது. துளியின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க இரண்டு தனிப் பம்ப் வேண்டும். ஆய்வுகூடத்தில் 3டி பிரிண்டர் இருக்கிறதென்றால், கலிபோர்னியாவில் கால்டெக் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட பொசைடன் என்ற வடிவமைப்பைப் பாருங்கள், ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் ஓடும் மூன்று பம்ப்களும் ஒரு நுணுக்குக்காட்டியும் அதில் உண்டு, கோப்புகள் இலவசம். திருகுத்தண்டை மட்டும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்கிக் கிரீஸ் பூசி வையுங்கள், நம் ஊர்க் கடற்காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது.

எதை வாங்கினாலும் முதலில் தராசில் சோதியுங்கள். மூடியுள்ள சிறு குப்பியில் அரை மணி நேரம் நீரைச் சேர்த்து நிறுத்தால், 1 மைக்ரோலீற்றர் வேகத்துக்கு 30 மில்லிகிராம் வர வேண்டும். சிரிஞ்சிலும் குழாயிலும் காற்றுக்குமிழி இருக்கவே கூடாது, அது நெரிந்து விரிந்து ஓட்டத்தைக் கெடுக்கும். பாசி அடியில் படியும் என்பதால் நீர்ச் சிரிஞ்சை வாய் கீழே பார்க்க நிறுத்தி வைப்பது நல்லது.

கேள்வி: ஆஸ்பத்திரியில் கழித்த சிரிஞ்ச் பம்ப் ஒன்று கிடைக்கிறது. இதே வேலைக்கு ஆகுமா?
– வாசகர், மூதூர்

பதில்: சாயக்கரைசலை ஓட்டிக் காட்டுகிற வகுப்புக்கு ஆகும், துளிக்கு ஆகாது. அவை நோயாளிக்கு மணித்தியாலக் கணக்கில் மருந்து கொடுக்கச் செய்தவை. மணிக்கு 0.1 மில்லிலீற்றர்தான் பலவற்றின் கீழெல்லை, அதுவே நிமிடத்துக்கு 1.7 மைக்ரோலீற்றர் ஆகிவிடுகிறது. சிப்பின் ஒடுங்கிய வாய்க்காலில் அழுத்தம் ஏறினால் அடைப்பு என்று நினைத்து அலாரம் அடித்து நின்றும்விடும். சும்மா தருகிறார்கள் என்றால் வாங்கி வையுங்கள், விலை கேட்டால் வேண்டாம்.