முதலில் கஞ்சி காய்ச்சுங்கள்

கேள்வி: ஜப்பானிய மண்சட்டியான டொனாபேயில் முதன்முதலாகக் கஞ்சிதான் காய்ச்ச வேண்டும் என்கிறார்களே, இது சம்பிரதாயமா, அவசியமா?

பதில்: அவசியம்தான். டொனாபேக்குப் பெயர்பெற்ற இகா, மியே மாநிலத்தில் உள்ளது. பிவா ஏரி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதியில்தான் இருந்தது. அதன் அடியில் படிந்த களிமண்ணில் கலந்திருக்கும் மக்கிய செடிகொடிகள் சூளையில் எரிந்துபோக, அவை இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடுகின்றன. அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதற்கு, சூட்டை விடாமல் பிடித்துவைக்கும் இந்தத் துளைகளே காரணம். புதுச் சட்டியில் நீர் கசிவதற்கும் இவையே காரணம்.

சட்டியில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, ஒரு கை சோற்றைப் போட்டு, சிறு தீயில் குழைய வேகவிடுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். இதை மெதோமே என்பார்கள். நன்றாக ஆறிய பின்பே கழுவி, கவிழ்த்துக் காயவையுங்கள். அடிப்புறம் ஈரமாக இருக்கும்போது அடுப்பில் ஏற்றினால் சட்டி விரிசல் விடும். அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான்.

கேள்வி: ஜப்பானின் ஹாகி நகரத்து மண்பாண்ட வகையான என் தேநீர்க் கிண்ணத்தின் உட்புறம் முழுவதும் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. இது குறைபாடுள்ள பொருளா?

பதில்: இல்லை. சூளையிலிருந்து ஆறும்போது மேற்பூச்சு, அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் இக்கோடுகள் விழுகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த கொரியப் போரின்போது ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்களிடமிருந்து தொடங்கியது ஹாகி மண்பாண்ட மரபு. தேநீர் இக்கோடுகளின் வழியே மெல்ல ஊறி, கிண்ணத்தின் நிறத்தையே மாற்றும். இதை ஹாகியின் ஏழு மாற்றங்கள் என்று ஜப்பானியர்கள் விரும்பிப் போற்றுகிறார்கள். நான் அன்றாடம் பயன்படுத்தும் கிண்ணம் வாங்கியபோது வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது; இன்று விளிம்பை ஒட்டித் தேன்நிறம் படர்ந்திருக்கிறது. புதிதாக இருந்ததைவிட இப்போதுதான் அது எனக்கு அழகாகத் தெரிகிறது. பயன்படுத்துமுன் சற்று நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் கறை திட்டுத்திட்டாகப் படியாது. ஈரத்தோடு அலமாரியில் மூடிவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஜப்பானின் அரிடா பீங்கானுக்கும் இவ்வளவு பக்குவம் தேவையா?

பதில்: தேவையில்லை. அரைத்த கல்லைப் பிசைந்து செய்து, ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் சுடப்படும் அது கண்ணாடிபோல் இறுகிவிடுவதால் நீரை உறிஞ்சாது. பொன்வேலை உள்ள தட்டை மட்டும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.