குடலில் கரைசலின் செறிவு கூடினால் சர்க்கரை உறிஞ்சப்படுவதும் கூடுமா?

சிறுகுடலில் உள்ள திரவத்தில் சர்க்கரையின் செறிவு கூடினால் ஆற்றல் செலவின்றி நடக்கும் உறிஞ்சுதலும் அதே வீதத்தில் கூடுமா என்றும், தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் உடலில் சேரும் சர்க்கரை குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு "ஓரளவு வரைதான்", இரண்டாவதற்குப் "பெரும்பாலும் இல்லை" என்பவை என் பதில்கள்.

ஆற்றல் செலவில்லாத அந்த வழியான பரவல் என்பது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் நகர்வதுதான். இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) அளவில் இருப்பதால், உணவுக்குப் பின் குடலில் அது பல மடங்கு இருக்கும்போது வேறுபாடு உள்நோக்கியே அமைகிறது. ஆனால் குடலில் செறிவு இரத்தத்தின் அளவுக்கும் கீழே இறங்கிய பிறகு பரவலால் எதையும் உள்ளே கொண்டுவர முடியாது. எஞ்சியதைச் சேர்த்தெடுப்பது, ஒரு குளுக்கோஸுடன் இரண்டு சோடியம் அயனிகளை இழுத்துச் செல்லும் கடத்திப் புரதம்; அது மறைமுகமாக ஆற்றலைச் செலவிடுகிறது. குளுக்கோஸின் முதன்மையான பாதையே இதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செறிவு மிகும்போது இன்னொரு விளைவும் சேர்ந்துகொள்கிறது. உடல் திரவங்களின் ஊடுபரவல் அளவு, அதாவது அவற்றில் கரைந்துள்ள எல்லாத் துகள்களின் மொத்தச் செறிவு, லிட்டருக்குச் சுமார் 290 மில்லி ஆஸ்மோல். 10 சதவீதக் குளுக்கோஸ் கரைசலோ லிட்டருக்கு 555 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ அதே அளவு மில்லி ஆஸ்மோல் கொண்டது. அது சிறுகுடலின் முற்பகுதியை அடைந்ததும், நீரை எளிதில் கடத்தும் அப்பகுதியின் சுவர் வழியாக உடலிலிருந்து நீர் குடலுக்குள் வந்து கரைசலை நீர்க்கச் செய்கிறது. அதாவது மிகையான செறிவு தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது. சாதாரணச் சர்க்கரையின் கதை இன்னும் சுவையானது: அதன் 10 சதவீதக் கரைசலில் சுமார் 292 மில்லிமோல்தான் இருப்பதால் அது இரத்தத்துக்குச் சமமானதாகவே தோன்றும்; ஆனால் குடல் சுவரிலுள்ள நொதி ஒவ்வொரு மூலக்கூறையும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கும்போது, உறிஞ்சுதல் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால், துகள்களின் எண்ணிக்கை இரட்டிப்பை நோக்கிச் செல்லும்.

நீர் உள்ளே உறிஞ்சப்படும்போது, செல்களுக்கு இடைப்பட்ட வழியாகக் கொஞ்சம் சர்க்கரையையும் அது அடித்துச் செல்லும் என்று கருதப்படுகிறது. இதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் சர்ச்சை உண்டு. பெரும்பங்கு கடத்திப் புரதங்களுடையதே என்ற தரப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது. எப்படியானாலும், அடர்ந்த கரைசலால் நீரோட்டம் எதிர்த்திசையில் திரும்பும்போது அந்தச் சிறு உதவியும் நின்றுபோகும்.

உண்மையில் செறிவு வேறுபாட்டை நம்பியிருப்பது ஃப்ரக்டோஸ்தான். அதைக் கடத்தும் புரதத்துக்குச் சோடியத்தின் துணை இல்லை; அதன் கொள்ளளவு நிரம்பிவிட்டால், செறிவை மேலும் கூட்டியும் பயனில்லை. மிச்சமாகும் ஃப்ரக்டோஸ் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு பெருங்குடலை அடைந்து, பாக்டீரியாக்களால் நொதிக்கப்பட்டு வாயுவையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகிறது.

2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், வயிற்றுப்போக்கின்போது குடிக்கத் தரும் ஓ.ஆர்.எஸ் கரைசலின் மொத்த ஊடுபரவல் அளவை 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245 ஆகக் குறைத்ததும், அடர்ந்த கரைசல் நீரைக் குடலுக்குள் இழுக்கும் என்ற காரணத்தை ஒட்டியதே. அதில் குளுக்கோஸ் 75 மில்லிமோல், அதாவது லிட்டருக்கு 13.5 கிராம் மட்டுமே. சோடியமும் அதே 75 மில்லிமோல்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் சேர்ப்பதால் சர்க்கரையின் மொத்த அளவு மாறுவதில்லை. நீர்த்த கரைசல் இரைப்பையிலிருந்து விரைவாக வெளியேறும், அடர்ந்தது மெதுவாக வெளியேறும். ஆரோக்கியமான குடலில் குளுக்கோஸ் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய முழுமையாக உறிஞ்சப்பட்டுவிடும்.