அமைதிப் பேச்சுவார்த்தையில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட வேண்டுமா?

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் நண்பர்கள் சேர்ந்து நாடகக் குழு நடத்துகிறோம். ஆணவக் கொலையைப் பற்றிய நாடகத்தைப் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டோம். எங்கள் சாதியைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு சங்கத்தார் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். "தாசில்தார் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை இருக்கிறது. மன்னிப்பும், இனி நாடகம் போட மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிரச்சினை முடிந்துவிடும்" என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்கிறார். அன்று ஒரு நடிகர், பிரதியில் இல்லாத வசைச் சொல் ஒன்றைச் சாதிப் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டது உண்மைதான். அடுத்த காட்சிக்குப் பேசியிருந்த மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். கையை உடைப்போம் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. சங்கத்தார் எங்களைக் கண்டித்து ஆர்ப்பாட்டமும் அறிவித்திருக்கிறார்கள். அதற்குத் தடை வாங்க முடியுமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இது முதலில்.

பேச்சுவார்த்தைக்குப் போவதில் தவறில்லை. போகாமல் இருந்தால் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் 'இனி நாடகம் போட மாட்டேன்' என்று எழுதி வாங்கும் அதிகாரம் தாசில்தாருக்கோ இன்ஸ்பெக்டருக்கோ எந்தச் சட்டத்திலும் இல்லை. அமைதிக்குப் பங்கம் வரும் என்று நிர்வாக நடுவர் நினைத்தால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 126-வது பிரிவின்படி காரணங்களை எழுத்தில் தந்து, உங்கள் விளக்கத்தையும் கேட்டு, அமைதி காப்பதற்கான பிணைப் பத்திரம் கேட்கலாம். அதற்கென்று முறை இருக்கிறது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு வெள்ளைத் தாளை நீட்டுவது அந்த முறை அல்ல.

இதே நிலையில் சிக்கிய ஒருவரை நம் எல்லாருக்கும் தெரியும். 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தையில்தான் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் 'மாதொருபாகன்' நாவலுக்காக நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அதன்பின் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. கும்பலின் எதிர்ப்பைக் காட்டி எழுத்தாளரைப் பணிய வைப்பது அரசின் வேலை அல்ல, அவருக்குப் பாதுகாப்புத் தருவதே அதன் கடமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் இடையில் போன ஒன்றரை வருடத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே நில்லுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்பதே சரியல்ல. பகைமையைத் தூண்டுவதாகச் சொல்லும் பி.என்.எஸ். (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 196-வது பிரிவுக் குற்றம், இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளக் கூடியது அல்ல. உங்கள் மன்னிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாளை வழக்குப் போடலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் அதைக் காட்டுவார்கள். அதே கடிதத்தின் நகல் பக்கத்து ஊர் மண்டபக்காரர்கள் எல்லாருடைய போனிலும் இருக்கும்.

சரி, கையெழுத்துப் போடாமல் என்ன கொடுப்பது? நீங்களே ஒரு கடிதம் தயார் செய்து கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். எங்கள் நாடகம் ஆணவக் கொலை என்னும் குற்றத்தைக் கண்டிக்கிறது, எந்தச் சாதியினரையும் இழிவுபடுத்துவது அதன் நோக்கமல்ல, நாடகப் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, எங்களுக்கு வந்த மிரட்டல்களின் விவரம் இது, அடுத்த காட்சிக்குப் பாதுகாப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதுங்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். புகாருக்குச் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் என்ன என்ற பயம் இருக்கும். பேச்சு, எழுத்து, கலை தொடர்பான புகார்களில் போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 28-ஆம் தேதி இம்ரான் பிரதாப்கடி வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு கவிதையைப் பின்னணியில் ஒலிக்கவிட்ட வீடியோவுக்காகக் குஜராத்தில் அவர் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள், அது ரத்தானது. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் குறைவு வரை தண்டனை உள்ள குற்றம் என்று புகார் வந்தால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்த பி.என்.எஸ்.எஸ். 173(3) வழி வைத்திருக்கிறது. பேச்சு தொடர்பான புகார்களில் பொதுவாக அந்த வழியைத்தான் பின்பற்ற வேண்டும் என்றது நீதிமன்றம். எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறவரை வைத்து ஒரு சொல்லை அளக்கக் கூடாது, திடமான மனமுள்ள நியாயமான மனிதரை வைத்தே அளக்க வேண்டும் என்பது அதில் இன்னொரு முக்கியமான பகுதி. அதையும் மீறி எஃப்.ஐ.ஆர். ஆனால், முன்ஜாமீனுக்கும் வழக்கை ரத்துசெய்யவும் உயர் நீதிமன்றம் போகலாம். 196-வது பிரிவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது.

இப்போது அந்த வசைச் சொல். இதில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லப் போகிறேன். நாடகம் வேறு, அந்தச் சொல் வேறு. கொலை செய்தவனைக் கண்டிக்கலாம். அவனுக்குத் துணை நின்ற சாதிப் பெருமிதத்தைக் கிழித்துக் காட்டலாம். கேட்கிறவர்களுக்குச் சுடத்தான் செய்யும், அதற்குச் சட்டம் தடை போடவில்லை. ஒரு சாதியில் பிறந்த எல்லாரையும் சேர்த்துத் திட்டுவது அப்படியல்ல. இரண்டு பிரிவினருக்கிடையே பகையை மூட்டும் நோக்கம் இருக்க வேண்டும் என்பதால் ஒற்றைச் சொல்லை வைத்து 196-இல் தண்டனை வாங்குவது கடினம்தான். ஆனாலும் எதிர்த்தரப்புக்கு நீங்கள் கொடுத்திருக்கும் ஒரே ஆயுதம் அது. அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அது தப்பு என்று உங்களுக்கே பட்டால், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். யாரும் கேட்காமல், நீங்களாகவே, உங்கள் குழுவின் பெயரில். அது நாடகத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது.

ஆர்ப்பாட்டத்துக்குத் தடை வாங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கவே கேட்காதீர்கள். மேடையில் பேச உங்களுக்கு உள்ள உரிமை, தெருவில் நின்று உங்களைக் கண்டிக்க அவர்களுக்கும் இருக்கிறது. அரசமைப்பின் 19-வது பிரிவு ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. நாடகத்தைக் கண்டிக்கட்டும், புறக்கணிக்கச் சொல்லட்டும், பதிலுக்கு அவர்களும் ஒரு நாடகம் போடட்டும். அவர்கள் வாயை மூட நீங்கள் நீதிமன்றம் போனால், உங்கள் மனுவில் உள்ள வாதத்தையே நாளை உங்களுக்கு எதிராகப் படிப்பார்கள்.

ஆனால் 'கையை உடைப்போம்' என்பது கருத்து அல்ல, குற்ற மிரட்டல். பி.என்.எஸ். 351-வது பிரிவு. அங்கே பொறுத்துப் போக வேண்டியதில்லை. குரல் பதிவை அழித்துவிடாதீர்கள், வந்த போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் காட்ட அதோடு மின்னணுச் சாட்சியச் சான்றிதழும் தேவைப்படும், அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். தனிப் புகாராக இன்றே கொடுங்கள். பேச்சுவார்த்தையில் வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும்.

கடைசியாக மண்டபம். நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஆதாரமாக இருந்தது 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம். எம்.ஆர்.ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் வைத்துக் கொண்டுவந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுவது. பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. மூடிய மண்டபத்துக்குள் போடாமல் தெருவிலோ மைதானத்திலோ போட்டால் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி தேவை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அந்த அளவுதான்.

மண்டபக்காரரிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கும் பயம் இருக்கும். மண்டபம் கொடுக்காதே என்று போலீஸ் சொன்னதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால், காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்துவிட்டுச் சில நாள் பாருங்கள், பதில் வராவிட்டால் அரசமைப்பின் 226-வது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சட்டம் ஒழுங்கு கெடும் என்பதுதான் அரசுத் தரப்பின் வழக்கமான பதிலாக இருக்கும். 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கும் அதையே சொன்னார்கள். ஊர்வலம், வன்முறை என்று மிரட்டினால் அதற்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, எதிர்க்கும் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்று 1989-இல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பையும் 2016 தீர்ப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். காட்சித் தேதிக்கு முந்தின நாள் ஓடி வராமல், குறைந்தது இரண்டு வாரம் இருக்கும்போதே மனு தாக்கலாகிவிட வேண்டும்.